பாரை பட்ட அண்டு வந்த ரெண்டு ப்ரீ ஏஜென்ட்

போன சனிக்கிழமை எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய், தலைமன்னாரில ஒரு பெடியனையும் தாராபுரத்தில ஒரு பெடியனையும் ஏத்திக்கொண்டு வந்து, எங்கட கிளப் கிறவுண்டில இறக்கிவிட வேணும்.

அவ்வளவுதான். ஒரு கிடாயை ஏத்தி இறக்கிற அளவு வேலை. அதையும் நான் செய்த சீரைக் கேளுங்கோ.

அதுக்கு முதல் ஒரு விசயம். இந்தப் பேஸ்புக் பக்கத்தைப் பாக்கிற உங்களுக்கு என்னைத் தெரியும். ஐரோப்பாவில எந்தப் புட்போல் கிளப் எவனை எடுத்தாலும், "காசைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டிட்டாங்கள்" எண்டு முதல் ஆளா எழுதுற பெரிய மனுசன் நான்தான். போன மாசம்கூட ப்ரீ ஏஜென்ட் பற்றிப் பந்தி பந்தியா எழுதினனான்.

"ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா நிக்கிற ஆட்டக்காரனைத்தான் ப்ரீ ஏஜென்ட் எண்டுறது. அவன்ர பழைய கிளப்புக்கு ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. அந்தச் சந்தோசத்தில புதுக் கிளப்காரன் சம்பளத்தை அள்ளி இறைப்பான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒப்பந்தம் போட்ட பிறகு குந்தியிருந்து அழுற கிளப் ஒருநாளும் உருப்படாது!"

நிறையப் பேர் லைக் போட்டவை. ஒராள், "அண்ணனையெல்லாம் ஒரு கிளப்புக்கு மனேச்சராப் போடவேணும்" எண்டு எழுதினவர். அந்தக் கொமென்ட்தான் எனக்கு எமனா வந்தது.

ஏனெண்டால் நான் ஏற்கெனவே ஒரு கிளப்புக்குச் செயலாளர். மன்னார் தீவில, ஓலைத்தொடுவாய்ப் பக்கம் இருக்கிற எங்கட ஊர் கிளப்புக்கு. பகல்ல ஓட்டோ ஓடுறன். விடியக் கரைவலை இழுக்கிறன். மிச்ச நேரத்தில ஐரோப்பாவைத் திருத்துறன்.

கரைவலை தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். வலையைக் கடல்ல வளைச்சுப் போட்டிட்டு, கரையில நிண்டு ரெண்டு பக்கமும் கயிறு பிடிச்சு இழுக்கிறது. பட்ட மீனை வித்த காசில பாதி வலைச் சொந்தக்காரருக்கு. அவரைச் சம்மாட்டி எண்டு சொல்லுவம். மற்றப் பாதியை வேலை செய்த ஆக்கள் பங்கு போட்டு எடுக்கிறது. எங்கட வீட்டுக்கு ரெண்டு பங்கு. ஒண்டு நான் கயிறு இழுக்கிறதுக்கு. மற்றது என்ர மனிசி ஜெசிந்தா மீன் தரம் பாத்துத் தெரிஞ்சு பெட்டியில போடுறதுக்கு.

எங்கட சம்மாட்டி பெனடிக்ற் அண்ணன். கிளப் தலைவரும் அவர்தான். இந்த ரெண்டு பதவியும் ஒராளிட்ட இருக்கிறது எவ்வளவு வசதி எண்டு பிறகு உங்களுக்கே விளங்கும்.

கதை இப்பிடித்தான் துவங்கினது. கோயில் திருநாள் சுற்றுப்போட்டியில எப்பிடியோ பைனலுக்கு வந்திட்டம். பைனல் பக்கத்து ஊரோட. போன முறையும் அவங்களோடதான், கோல் கோலா வாங்கித் தோத்தம். அதுக்குப் பிறகு ஒரு வருசமா அவங்கட சந்தியில ஓட்டோவை நிப்பாட்டேலாது. "அண்ணன், எத்தினை கோலுக்குப் போகவேணும்?" எண்டு கேப்பாங்கள்.

இந்தமுறை எங்கட முன்வரிசை ஆக்கள் ரெண்டு பேரும் இல்லை. ஒருத்தன் கட்டாருக்குப் போயிட்டான். மற்றவன் கலியாணம் கட்டிட்டான். ரெண்டும் ஒண்டுதான், இனி வரமாட்டாங்கள்.

வெளி ஊர் ஆக்கள் ரெண்டு பேரைச் சேர்க்கலாம் எண்டு போட்டியில விதி இருக்கு. தலைமன்னாரில றெக்சன் எண்டு ஒருத்தன், தன்ர கிளப்போட சண்டை கொழுவிப்போட்டு வீட்டில நிக்கிறான். தாராபுரத்தில நஸ்மி எண்டு ஒருத்தன், அவன்ர கிளப் ரெண்டா உடைஞ்சதில எந்தப் பக்கமும் போகாமல் நிக்கிறான். ரெண்டு பேரும் சுத்தமான ப்ரீ ஏஜென்ட். ரெண்டு பேரும் காசு கேட்டாங்கள்.

சம்மாட்டியின்ர வாடியில, அதுதான் கடற்கரைக் கொட்டில்ல, வலைக் குவியலுக்குப் பக்கத்தில கூட்டம் கூடினம். உடனே சண்டை.

"ஒரு மேட்சுக்கு இவ்வளவோ? இவங்கள் என்ன வானத்தில இருந்து விழுந்தவங்களோ?"

"கிளப் இல்லாமல் நிக்கிறவனுக்கு என்ன விலை? நாங்கள் கூப்பிடுறதே பெரிசு!"

"கூப்பிடாமல் விட்டுப்பார். பக்கத்து ஊர்க்காரன் கூப்பிடுவான்."

கிளப்பில காசு இல்லை. அது ஒண்டில மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

அப்பதான் நான் எழும்பினன். ஐரோப்பாவுக்கே புத்தி சொன்ன வாய் சும்மா கிடக்குமோ?

"காசு குடுக்காதேங்கோ. பங்கு குடுங்கோ!" எண்டு சொன்னன். "மேட்ச் அண்டைக்கு வலையில என்ன படுதோ, அதில ஆளுக்கு ஒரு பங்கு. விளையாட்டுக்காரனும் எங்களோட சேர்ந்து நட்டப்படட்டும்!"

எல்லாரும் என்னை நிமிந்து பாத்தவை. பிறகு விழுந்து விழுந்து சிரிச்சவை. ஏனெண்டால் கிழமைக் கணக்கா எங்கட வலையில சொறிமுட்டை எண்டுற ஜெலி மீனும் பாசியும்தான். தொட்டால் கை அரிக்கும், வித்தால் ஒருத்தனும் வாங்கமாட்டான். ஆளுக்கு அரைச் சாக்குச் சொறிமுட்டை குடுத்து ரெண்டு ஃபோர்வேட் எடுக்கிற திட்டம் அது.

"மூளையடா உனக்கு!" எண்டு பெனடிக்ற் அண்ணன் சொன்னவர். "அதுசரி, ஆரின்ர பங்கில இருந்து குடுக்கிறது?"

ஒருத்தர் கயிறைத் திரிச்சார். ஒருத்தர் கடலைப் பாத்தார்.

"சம்மாட்டிப் பங்கில கை வைக்கேலாது" எண்டு தலைவர் தானே சொன்னார். "அது வலைக்குச் சேர்ந்தது."

எனக்கு அந்தக் கொமென்ட் ஞாபகம் வந்திட்டுது. மனேச்சர்!

"என்ர வீட்டுப் பங்கு ரெண்டையும் எடுங்கோ!" எண்டு நெஞ்சில அடிச்சுச் சொன்னன்.

ஒரே கைதட்டு. என்ர கலியாணத்துக்குக்கூட இப்பிடி ஒருத்தரும் தட்டேல்ல.

அதில ஒரு பங்கு ஜெசிந்தாவின்ர. அவளைக் கேட்டனோ? கேக்கேல்ல. சொறிமுட்டைப் பங்குக்கு எல்லாம் மனிசியிட்ட அனுமதி கேக்கிறதோ எண்டு விட்டிட்டன்.

றெக்சனுக்குப் போன் அடிச்சன். அவன் கொஞ்சம் யோசிச்சான். "பங்கோ? சரி அண்ணன். மாதா பாத்துக்கொள்ளுவா" எண்டான். நஸ்மியும், "இன்ஷா அல்லாஹ், பாப்பம் அண்ணன்" எண்டான். போனை வைச்சிட்டுச் சிரிச்சன் பாருங்கோ, வயிறு நோகச் சிரிச்சன்.

இனி ஜெசிந்தாவின்ர பக்கத்தையும் சொல்லவேணும். எங்கட கிளப்பில செயலாளர் வீட்டிலதான் ஜேர்சி தோய்க்கிறது வழக்கம். தோய்க்கிறது செயலாளர் இல்லை. ஒவ்வொரு மேட்ச் முடியவும் ஒரு சாக்கு ஜேர்சி வரும். உப்புத் தண்ணியில மீன் அளைஞ்ச கையோட அவள் அதைக் கல்லில போட்டு அடிப்பாள். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கும். "ஒரு நல்ல பாடு வந்தால் ஒரு வொஷிங் மெசின். வேற ஒண்டும் கேக்கமாட்டன்" எண்டு சொல்லிக்கொண்டே இருப்பாள். பாடு எண்டால் ஒருக்கா வலை போட்டு வாற மீன். நானும், "வரும், வரும்" எண்டு சொல்லிக்கொண்டே இருப்பன்.

வந்தது. சனிக்கிழமைதான் வந்தது.

கயிறு இழுக்கேக்க வலை பாரமா வந்தது. "பாசி" எண்டார் ஒருத்தர். "பாசியெண்டால் காகமும் கடல்பறவையும் ஏன் இந்தச் சத்தம் போடுது?" எண்டார் மற்றவர். வலையின்ர மடி கரைக்கு வர, தண்ணி வெள்ளியாத் துள்ளினது. பாரை! அவ்வளவும் பாரை மீன்! ஒவ்வொண்டும் என்ர முழங்கை நீளம்.

நான் கயிறை விட்டிட்டு ஆடினன். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, தண்ணிக்குள்ள நிண்டு ஆடினன். ஆரோ போனில வீடியோ எடுத்தாங்கள். எடுங்கோடா எண்டு இன்னும் கூட ஆடினன்.

ஜெசிந்தா ஓடிவந்து கையைப் பிடிச்சாள். "இஞ்சாருங்கோ! மெசின்! முன்னால கண்ணாடி வைச்ச மெசின்!" எண்டாள். அவள் அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம்.

"ரெண்டு மெசின் எடுப்பம்!" எண்டு நான் கத்தினன்.

அப்ப பின்னால இருந்து என்ர தோளில ஒரு கை விழுந்தது. பெனடிக்ற் அண்ணன்.

"ஜூட், உனக்கு வந்த மனம் ஆருக்கும் வராதடா" எண்டு காதுக்குள்ள சொன்னவர். "இந்த மாதிரிப் பாடு பட்ட அண்டைக்கு உன்ர ரெண்டு பங்கையும் அப்பிடியே கிளப்புக்குக் குடுக்கிறாயே!"

ஆடின கால் அப்பிடியே நிண்டிட்டுது.

ஐஸ் லொறிக்காரர் கரையிலயே காசைக் குடுத்திட்டு மீனை ஏத்திக்கொண்டு போயிட்டினம். பங்கு பின்னேரம் பிரிக்கிறது எண்டு முடிவு. "நீ போய் எங்கட ஸ்டார் ரெண்டையும் ஏத்திக்கொண்டு வா" எண்டு தலைவர் என்னை அனுப்பினார். ஜெசிந்தாவிட்ட உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தன். "கவனமாப் போட்டு வாங்கோ" எண்டு சொன்னாள். "போட்டு வாறன்" எண்டு மட்டும் வாயில வந்தது. அவ்வளவு வீரன் நான்.

ஓட்டோ ஓடேக்க மூளை வேலை செய்தது. தலைமன்னாரில இருக்கிறவனுக்கு எங்கட வலையில என்ன பட்டது எண்டு எப்பிடித் தெரியும்? கையில கொஞ்சக் காசைக் குடுத்து, "தம்பி, இண்டைக்கும் சொறிமுட்டைதான், பாவம் எண்டு இதைத் தாறன்" எண்டால் காலில விழுந்து கும்பிடுவான். நல்ல திட்டம்.

றெக்சன் றெயில்வே ஸ்டேசன் வாசல்ல பையோட நிண்டான். ஏறினவுடன போனை நீட்டினான். அதில நான். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நான்.

"அண்ணன் வடிவா ஆடுறீங்கள்" எண்டான்.

"தம்பி, அது பழைய வீடியோ."

"பின்னால பெனடிக்ற் அண்ணன் போட்டிருக்கிறது இந்த வருசத் திருநாள் சேட் அண்ணன்."

கொஞ்சத் தூரம் ஓடினன். பிறகு மனேச்சர் குரல்ல துவங்கினன். "யோசிச்சுப் பார் றெக்சன். ஒரு மேட்சுக்கு இது கொஞ்சம் கூடிப்போச்சு எண்டு உனக்குத் தோணேல்லையோ? பாதியா எடுத்தியெண்டால் உனக்கும் நல்ல பேர்..."

"அண்ணன், நான் உங்கட பக்கத்தை விடாமல் வாசிக்கிறனான்" எண்டான். "ஒப்பந்தம் போட்ட பிறகு குந்தியிருந்து அழுற கிளப் உருப்படாது எண்டு நீங்கள்தான் எழுதினீங்கள். நான் அதுக்கு லைக்கும் போட்டனான்."

வாசகர்கள் வேணும், வாசகர்கள் வேணும் எண்டு அழுதனானே. இந்தா, ஓட்டோவுக்குள்ள ஏறி இருக்கிறான்.

அப்பிடியே தீவின்ர மற்றத் தொங்கலுக்கு, தாராபுரத்துக்கு ஓடினன். நஸ்மி பூட்சைத் தோளில போட்டுக்கொண்டு கேற்றடியில நிண்டான். அவனுக்குப் பின்னால அவன்ர உம்மா. உம்மாவின்ர கையில ஒரு பெரிய ரெஜிபோம் பெட்டி, மீன்காரர் ஐஸ் போடுற அந்த வெள்ளைப் பெட்டி.

"மகன், பங்கு எண்டால் கறிமீனும் சேத்துத்தானே?" எண்டு கேட்டா. "இதுக்குள்ள ஐசும் போட்டிருக்கிறன். உங்களுக்கு எதுக்குக் கரைச்சல்."

"பெரிய மனசம்மா உங்களுக்கு" எண்டு சொன்னன்.

"அல்லாஹ் உங்களுக்கு இன்னும் பறக்கத்தைத் தருவான் மகன். ரெண்டு பங்கையும் அள்ளிக் குடுத்த ஆளெல்லோ!"

தாராபுரம் வரைக்கும் கதை வந்திட்டுது. அப்ப எங்கட ஊரிலயே இருக்கிற ஜெசிந்தாவுக்கு? அந்த யோசினை வந்தவுடன ஓட்டோவை முறுக்கினன்.

கிறவுண்டுக்கு வந்தால், சனம் நிறைஞ்சு நிக்குது. கோட்டுக்குப் பக்கத்தில, முன்னுக்கு, ஒரு கதிரை. கதிரையில ஜெசிந்தா. கலியாணம் கட்டின நாளில இருந்து ஒரு மேட்சும் பாக்க வராத ஜெசிந்தா. மடியில ஒரு கறுத்த சொப்பிங் பாக். பக்கத்தில தலைவர், பூசைக்குப் பிந்தி வந்த பெடியன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறார்.

"அண்ணன், காசு?" எண்டு மெல்லக் கேட்டன்.

"அவ பங்கு கேட்டு வந்தா. நான் விசயத்தைச் சொன்னன். கையை நீட்டினா. குடுத்திட்டன்" எண்டார். "நீயெண்டாலும் குடுத்திருப்பாய்."

ஜெசிந்தா என்னைப் பாக்கேல்ல. பெடியள் ரெண்டு பேரையும்தான் பாத்தாள். மேல இருந்து கீழ வரைக்கும், பெட்டியில போடுறதோ எறியிறதோ எண்டு மீன் பாக்கிற அதே பார்வை.

"தம்பிமார், உங்கட பங்கு என்னட்ட இருக்கு. விளையாடுங்கோ. முடிய வாங்கோ, கதைப்பம்."

மேட்ச் துவங்கினது.

முதல் பந்தே றெக்சன் கோட்டுக்கு வெளியில அடிச்சான். கதிரையில இருந்து குரல் வந்தது. "பங்கில ஒரு பாரை கழியுது!"

சனம் திரும்பிப் பாத்தது.

கொஞ்ச நேரத்தில நஸ்மி பந்தை விட்டிட்டு விழுந்தான். "அதுக்கும் ஒண்டு கழியுது!"

றெக்சன் தனிய முன்னுக்கு நிண்டான். நடுவர் ஊதினார்.

"பெனடிக்ற் அண்ணன், உந்தப் பிள்ளை ஏன் அங்க சும்மா நிக்குது?"

"அது ஓஃப்சைட் தங்கச்சி."

"சும்மா நிண்டதுக்கு ரெண்டு பாரை கழியுது!"

சனத்துக்கு ருசி பிடிச்சிட்டுது. எங்கட ஆக்களும் பக்கத்து ஊர் ஆக்களும் சேர்ந்து கத்தத் துவங்கினாங்கள். "அக்கா, இப்ப நடந்து போனான், அதுக்கும் கழியுங்கோ!" "அக்கா, தண்ணி குடிக்கிறான், செதிலாவது எடுங்கோ!" இவங்களுக்குக் குடுத்தது கூடவோ குறையவோ எண்டு ஊர் முழுக்க மைதானத்திலயே விவாதம். நான் பேஸ்புக்கில இத்தினை வருசம் எழுதி வராத கூட்டம், இவள் ஒரு கதிரையில குந்தியிருந்து சேத்திட்டாள்.

இடைவேளைக்கு றெக்சன் வேர்த்து ஒழுக ஓடிவந்தான். "அண்ணன், எனக்கு மற்றப் பக்கத்தால விளையாட விடுங்கோ. அக்காவுக்குப் பக்கத்தில ஓடேலாமல் கிடக்கு."

கோல் ஒண்டும் இல்லை. இனித்தான் என்ர உண்மையான துன்பம். கேவலம்தான், மறைக்கேல்ல. கிளப் செயலாளர், ஜேர்சி போட்டுக்கொண்டு நிக்கிறன், மனசுக்குள்ள என்ன மன்றாட்டுத் தெரியுமோ? "மாதாவே, நாங்கள் வெல்லவும் வேணும். இவங்கள் ரெண்டு பேரும் கோல் அடிக்கவும் கூடாது." இவங்கள் அடிக்காட்டில் ஜெசிந்தா காசைக் குடுக்கமாட்டாள். மெசின் வீட்டுக்கு வரும். வேற ஆராவது அடிக்கட்டும். கோல்கீப்பர் அடிக்கட்டும்!

மாதாவுக்கு இப்பிடிக் குழப்பமான மன்றாட்டு முன்னப்பின்ன வந்திருக்காது.

மேட்ச் முடியப் போகேக்க நஸ்மி ஒரு பந்தை இழுத்துக்கொண்டு போய், மூண்டு பேரை வெட்டி, நடுவில போட்டான். றெக்சன் காலை வைச்சான். வலை குலுங்கினது.

ஊரே கிறவுண்டுக்குள்ள. ஆரோ என்னைக் கட்டிப்பிடிச்சாங்கள். நான் அழுதன். "பாருங்கோடா, செயலாளரின்ர ஊர்ப் பற்றை!" எண்டு தலைவர் என்ர கண்ணீரைக் காட்டினார். எனக்குக் கண்ணுக்குள்ள தெரிஞ்சது முன்னால கண்ணாடி வைச்ச ஒரு மெசின், சுத்திச் சுத்தித் தூரப் போறது.

கதிரையைப் பாத்தன். ஜெசிந்தா கை தட்டேல்ல. "அதுக்குத்தானே கூப்பிட்டது" எண்டு மட்டும் சொன்னாள்.

கப் எடுத்த பிறகு எல்லாரும் கதிரையைச் சுத்தி நிண்டாங்கள். சொப்பிங் பாக் இன்னும் மடியில. "ஒரு கோலுக்குப் பாதி காணும், முழுசாத் தேவையில்லை" எண்டார் ஒருத்தர். "கழிச்ச பாரை எல்லாத்தையும் கூட்டினால் இவங்கள்தான் எங்களுக்குத் தரவேணும்" எண்டார் இன்னொருத்தர். தலைவர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, கிளப் ஒருக்காக் கூடிக் கதைச்சு..."

"கூடிக் கதைச்சது காணும் அண்ணன்" எண்டாள். "ரெண்டு பங்கு எண்டு என்ர வீட்டுக்காரர் வாயால சொன்னவர். சொன்னால் சொன்னதுதான்."

பாக்கைத் திறந்து ரெண்டு பேருக்கும் முழுப் பங்கையும் குடுத்தாள். "கழிச்சது பகிடிக்குத் தம்பி, மனசில வைச்சிராதேங்கோ. நல்லா விளையாடினீங்கள்." கறிக்கு எண்டு எடுத்து வைச்ச பெரிய பாரையை நஸ்மியின்ர பெட்டிக்குள்ள வைச்சு, "உம்மாட்டக் குடுங்கோ" எண்டாள்.

நான் அதில நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். பெருமையாவும் இருந்தது. நிலம் பிளந்தால் உள்ள போயிரலாம் போலவும் இருந்தது.

கூடக் குடுத்திட்டமோ இல்லையோ எண்டு தேத்தண்ணிக் கடையில இண்டைக்கும் வாக்குவாதம் நடக்குது. "கொஞ்சம் கூடத்தான்" எண்டு பெனடிக்ற் அண்ணன் சொல்லுறார். அண்டைக்கு அவர் எடுத்த பாதியைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கதைக்கிறேல்ல. அது வலைக்குச் சேர்ந்தது.

வீட்டை வந்தம். ஜெசிந்தா ஜேர்சிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என்ர காலடியில வைச்சாள். இந்தமுறை வழமையை விட ரெண்டு ஜேர்சி கூட. மேல ஒரு சவுக்காரக்கட்டி.

"ஜெசி, நான் சொறிமுட்டை எண்டு நினைச்சு..."

"இஞ்சாருங்கோ" எண்டாள், அமைதியா. "நீங்கள் அந்தப் பேஸ்புக்கில எழுதுறது, எவன் எவனைக் கூட விலை குடுத்து எடுத்தான் எண்டுதானே?"

"ஓம்."

"எங்கட அப்பா ஒரு வள்ளமும் புது எஞ்சினும் சீதனமாக் குடுத்து உங்களை எடுத்தவர். அதையும் ஒருக்கா எழுதுங்கோவன்."

எழுதிட்டன். ஜேர்சி தோய்க்க இன்னும் நாலு கிடக்கு.